கோசோங் கதையைத் திரில்லராக எழுத, முதலில் ஒரு 555 நோட்டு வாங்குங்கள்

மாதத்துக்கு ஒருவராவது திரைக்கதையை அனுப்பி, "அக்கா, படிச்சுப் பார்த்துச் சொல்லுங்க" என்கிறார்கள். கோலாலம்பூரில் வேலை பெர்மிட் இல்லாமல் மாட்டிக்கொண்ட ஒருவன் (இங்கே 'கோசோங்' என்போம்) பணத்துக்கு அலைகிறான், திரில்லர். நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து அப்படி ஒரு சின்னப் படத்தை 14 இரவுகளில் எடுத்து முடித்தோம். நான் எழுதினேன், ஒலிப்பதிவும் நான்தான். அதனால் என்னைத் தேடி வருகிறார்கள். வருகிற கதைகளில் பாதிக்கு மேல், பத்துப் பக்கத்துக்குள் ஒரு துப்பாக்கியும் பை நிறைய ரிங்கிட்டும் வந்துவிடும். பை வந்ததும் நான் எழுந்து தே (டீ) கலக்கப் போய்விடுவேன்.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதிக் கை வலிக்கிறது. சொல்ல வேண்டியதை மொத்தமாக இங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் நோட்டு

பலசரக்குக் கடைக்குப் போய் ஒரு 555 நோட்டு வாங்குங்கள். மலேசியாக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காக: சட்டைப் பையில் அடங்குகிற சின்ன நோட்டு, அட்டையில் 555 என்று பெரிதாக அச்சடித்திருக்கும், கடன் எழுதுவதற்கென்றே பிறந்தது. என் அப்பா கிள்ளானில் சாப்பாட்டுக் கடை நடத்திய காலத்து நோட்டுகள் பதினொன்று என்னிடம் இருக்கின்றன. அவற்றில் பாதிப் பேருக்குப் பெயர் கிடையாது. 'ரொட்டி', 'தண்ணி', 'மங்கு' என்றுதான் இருக்கும். ரொட்டி போடுகிறவர், தண்ணி கலக்குகிறவர், மங்கு கழுவுகிறவர். பெர்மிட் இருந்தவர்களை மட்டும் அப்பா பெயர் சொல்லி எழுதியிருக்கிறார். வேண்டுமென்று செய்தாரா, கை பழகிப் போனதா என்று நான் கேட்டதில்லை.

மலாயில் கோசோங் என்றால் காலி. முட்டை, வெங்காயம் எதுவும் சேர்க்காத வெறும் ரொட்டியை 'ரொட்டி கோசோங்' என்பார்கள். காகிதம் இல்லாத ஆளும் கோசோங்தான். எங்கள் கடையில் ரொட்டி போட்ட அண்ணன் ராமநாதபுரத்துப் பக்கம். "ரொட்டி கோசோங் சத்து!" (வெறும் ரொட்டி ஒன்று) என்று வாடிக்கையாளர் கத்தும்போதெல்லாம் தண்ணி அண்ணன், "உன்னையத்தான்டா கூப்பிடுறாங்க" என்பார். தினமும் சொல்வார், தினமும் இருவரும் சிரிப்பார்கள்.

சரி, நோட்டு வாங்கியாச்சு. இப்போது காட்சி எதையும் எழுதாதீர்கள். உங்கள் நாயகனின் ஒரு மாத வரவு செலவை எழுதுங்கள். எங்கள் படத்துக்கு நான் எழுதியது இது, கதை நடக்கும் காலம் 2024 டிசம்பர். அப்போது சட்டப்படி குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளி (ரிங்கிட்டை நாங்கள் வெள்ளி என்போம்). கோசோங் என்பதால் இவனுக்கு 1,300, ரொக்கமாக. தங்கும் அறைக்குப் பிடித்தம் 150. ஊரில் ஏஜெண்டுக்குக் கட்ட வாங்கிய ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்க்கு மூணு வட்டி, அதாவது மாதம் 3,600 ரூபாய், வெள்ளியில் சுமார் 190. வீட்டுக்கு 600. போனுக்கு 30. கூட்டுக்கு 100 (ஊர்ச் சீட்டு மாதிரி, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், அதுதான் படமே). மீதி 230. சோப்பு, சிகரெட், தலைவலி மாத்திரை, இரண்டு பஸ் பயணம். இதை எழுதி முடித்த ராத்திரிதான் எனக்குக் கதை கிடைத்தது. அதற்கு முன்னால் எட்டு மாதம் 'கரு' தேடிக்கொண்டிருந்தேன்.

ஊரிலிருந்து வந்து ஒரு வருடம் ஆகாதவன் எந்தத் தொகையையும் ரூபாயாக்க, கதை நடக்கும் அன்றைய மதிப்பில் 19 ஆல் பெருக்கித்தான் பார்ப்பான். ஒரு ரொட்டி இவ்வளவு ரூபாயா என்று மலைப்பான். பெருக்குவதை எப்போது நிறுத்துகிறானோ அப்போது அவன் ஊர்க்காரன் இல்லாமல் ஆகிவிட்டான். இதை வசனத்தில் சொல்லவே தேவையில்லை. முதல் பாதியில் உதடு முணுமுணுக்கட்டும், பின்பாதியில் வேண்டாம்.

தொகை சின்னதாக இருக்கட்டும்

நாயகனுக்கு எவ்வளவு பணம் தேவை, எதற்கு? பெரும்பாலும் 'அம்மாவுக்கு ஆபரேஷன்' என்று எழுதி அனுப்புகிறீர்கள். அந்த அம்மாவை விட்டுவிடுங்கள், பாவம். தமிழ் சினிமாவில் அவர் எத்தனை முறைதான் படுப்பார்.

எங்கள் நாயகனுக்கு ஊருக்குத் திரும்பப் பணம் வேண்டும். அவ்வளவுதான். அரசாங்கம் அவ்வப்போது ஒரு வாசலைத் திறக்கும்: இன்ன தேதிக்குள் தானாக வந்து அபராதம் கட்டினால், வழக்கில்லாமல் ஊருக்குப் போகலாம். 2019இல் 'பேக் ஃபார் குட்' என்ற பெயரில் திறந்தது, அபராதம் 700 வெள்ளி, கடைசி நாள் டிசம்பர் 31. அந்த டிசம்பரில் குடிநுழைவு அலுவலகங்களுக்கு வெளியே முந்தின ராத்திரியே வந்து படுத்துக் கிடந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அட்டைப் பெட்டியைப் பிரித்து விரித்து, பையைத் தலைக்கு வைத்து. 2024 மார்ச் 1 முதல் டிசம்பர் 31 வரை இன்னொரு திட்டம் இருந்தது. பாஸ் இல்லாதவருக்கும் காலம் கடந்து தங்கியவருக்கும் அபராதம் 500 வெள்ளி. கெடு தேதியை அரசாங்கமே வைத்துக் கொடுக்கும்போது நீங்கள் ஏன் வெடிகுண்டு கடிகாரத்தைத் தேடுகிறீர்கள்?

அபராதம் 500, திருச்சிக்கு டிக்கெட் 700 என்று வைத்தோம். ஆக 1,200. கையில் இருப்பது 410. குறைவது 790 வெள்ளி. படத்தைப் பார்க்க வருகிறவன் கையில் இருக்கிற போன் அதைவிட விலை அதிகம். தயாரிப்புக்குப் பணம் தர வந்த ஒருவர், "790ஆ? பின்னால் ஒரு சைபர் சேர்த்துக்கலாமே" என்றார். சேர்த்தால் அது கொள்ளைக் கதை. 790 என்றால் பார்க்கிறவனுக்குக் கூச்சம் வரும், அந்தக் கூச்சத்தோடு அவன் கடைசி வரை உட்கார்ந்திருப்பான்.

இன்னொரு விஷயம், நான் எழுதியதிலேயே எனக்குப் பிடித்த இடம். அந்த 2024 திட்டத்தில் அபராதத்தை ரொக்கமாக வாங்கவில்லை, வங்கி அட்டை அல்லது இ-வாலட் வழியாகத்தான் கட்ட வேண்டும். வங்கிக் கணக்கே இல்லாதவன் ரொக்கத்தைச் சேர்த்துக் கையில் பிடித்துக்கொண்டு கவுண்டருக்கு முன்னால் நிற்கிறான். பணம் இருக்கிறது, கட்ட முடியாது. இதை நான் கற்பனை செய்திருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

மூடிய கதவுகள்

திரில்லரில் பார்க்கிறவன் கேட்கும் முதல் கேள்வி, "ஏன் போலீசுக்குப் போகல?" உங்கள் கதையில் அதற்குப் பதில் தானாக வந்துவிடுகிறது. ஆனால் ஒவ்வொரு கதவும் எப்படி மூடியிருக்கிறது என்று சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வந்த பெரும்பாலான கோசோங், படகில் நள்ளிரவில் வந்து இறங்கியவர் இல்லை. விமானத்தில், முறையான விசாவோடு வந்தவர். வேலை பாஸ் ஒரே முதலாளியோடு கட்டப்பட்டது. முதலாளி புதுப்பிக்கவில்லை என்றால், அல்லது இவர் அடி தாங்காமல் வெளியே வந்துவிட்டால், அன்றைக்கே கணக்கு ஆரம்பிக்கிறது. பாஸ்போர்ட் முதலாளியின் மேசை இழுப்பறையில் இருக்கும். அப்படி வைத்திருப்பது 1966ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம் என்பது இருவருக்கும் தெரியலாம். தெரிந்து என்ன செய்ய?

பிடிபட்டால் பிரம்படி என்று எல்லாத் திரைக்கதையிலும் வருகிறது. குடிநுழைவுச் சட்டம் 6ஆம் பிரிவில், அனுமதியே இல்லாமல் நுழைந்தவருக்கு 10,000 வெள்ளி வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை, ஆறு பிரம்படி வரை. காலம் கடந்து தங்கியவருக்கு 15ஆம் பிரிவு, அதில் பிரம்படி கிடையாது. உங்கள் ஆள் எந்தப் பிரிவில் வருகிறான் என்று நீங்கள் முடிவு செய்துவிட்டுத்தான் அவனுடைய பயத்தை எழுத முடியும். அரசு மருத்துவமனைக்கும் போக மாட்டான், செலவுக்கு மட்டும் பயந்து அல்ல. காகிதம் இல்லாதவர் வந்தால் தகவல் சொல்ல வேண்டும் என்று சுகாதார அமைச்சின் சுற்றறிக்கை 2001இலிருந்தே இருக்கிறது. அதனால் விரல் வெட்டுப்பட்டாலும் மஞ்சள் தூளும் துணியும்தான்.

ஆலோங் பற்றி ஒரு வார்த்தை. லைசென்ஸ் இல்லாமல் வட்டிக்குக் கொடுக்கும் இந்த ஆள் சுவரில் சிவப்புப் பெயிண்ட் ஊற்றுவான், கேட்டில் பூட்டுப் போடுவான், எல்லாம் உண்மைதான். ஆனால் அது வீடு உள்ளவனுக்கு. அடையாள அட்டையும் முகவரியும் இல்லாத ஒருவனுக்கு ஆலோங் ஏன் கடன் தருவான்? உங்கள் நாயகனை ஆலோங்கிடம் அனுப்புவதாக இருந்தால், பெர்மிட் உள்ள ஒரு நண்பன் ஜாமீன் நிற்க வேண்டும். அப்புறம் கதை அந்த நண்பனுடையதாகிவிடும்.

கூட்டு

நாங்கள் போனது கூட்டுப் பக்கம். பத்துப் பேர், ஆளுக்கு மாதம் 100 வெள்ளி, மாதம் ஒருவர் 1,000 எடுப்பார். ஊரில் சீட்டு என்பதுதான். மலேசியாவில் இதற்குத் தடை, சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே நம் சொல் இருக்கிறது: 1971ஆம் ஆண்டு கூட்டு நிதித் தடைச் சட்டம். தடை இருந்தும் கூட்டுப் பிடிக்காத தாமான் (குடியிருப்பு) கிடையாது. பத்திரம் இல்லை, கையெழுத்து இல்லை, ஒருவர் ஏமாற்றினால் புகார் கொடுக்கவும் வழியில்லை. பத்துப் பேரும் ஒருவரை ஒருவர் நம்பியே ஆக வேண்டும்.

எங்கள் நாயகனுக்கு எட்டாவது மாதம். அவனுக்குத் தேவை ஐந்தாவது மாதத்தில். ஐந்தாவது மாதக்காரரிடம் முறை மாற்றிக் கேட்கிறான். ஏன் என்று கேட்கிறார். "ஊருக்குப் போகணும்" என்று சொன்னால் கொடுப்பாரா? பணத்தை எடுத்துக்கொண்டு விமானம் ஏறினால் மீதி ஐந்து மாதம், 500 வெள்ளி, மற்றவர்கள் தலையில். எல்லாரும் இவனைப் போன்றவர்கள். இரண்டு பேர் இவன் படுக்கிற அறையிலேயே படுக்கிறார்கள். கத்தி இல்லை, துப்பாக்கி இல்லை. ஒருவன் இன்னொருவனிடம் ஒரு பொய் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இந்தக் காட்சியை நாங்கள் ஒரே ஷாட்டில் ஏழு நிமிடம் எடுத்தோம், இருவரும் வெங்காயம் உரித்துக்கொண்டே பேசுவார்கள். கண்ணீர் யாருடையது என்று யாருக்கும் தெரியாது. (மலிவான உத்திதான், ஒத்துக்கொள்கிறேன். வேலை செய்தது.)

முதலாளி இரண்டு மாதச் சம்பளத்தைப் பிடித்து வைத்திருக்கிறார், 2,600 வெள்ளி. "ஓடிப்போயிடக் கூடாதுல்ல, ஜனவரியில வாங்கிக்கோ" என்கிறார். அவரை வில்லன் மாதிரி எழுதாதீர்கள். இவனுக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி கொடுத்தனுப்புகிறவர் அவர்தான். அந்த வசனத்தை நான் எங்கிருந்து எடுத்தேன் என்று கேட்காதீர்கள். பதினொரு நோட்டு இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா.

ரெய்டு எழுதுவது

எனக்கு 12 வயது. பள்ளி விட்டு வந்து கல்லாவுக்குப் பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். வாசலில் அதிகாரிகளின் லாரி நின்றது. அப்பா கரண்டியால் கல்லில் இரண்டு முறை தட்டினார், டங் டங். மங்கு அண்ணன் குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக நிதானமாகப் போனார். தண்ணி அண்ணனுக்கு அதற்குள் பெர்மிட் கிடைத்திருந்தது, நின்றார். ரொட்டி அண்ணன் மாவை வீசிக்கொண்டிருந்தவர் அப்படியே கல்மேல் போட்டுவிட்டுப் போய்விட்டார். ஒரு ரொட்டி பாதி வெந்து கிடந்தது, அதன் பக்கத்தில் விரித்த மாவு ஒன்று, ஓரம் காய ஆரம்பித்திருந்தது.

அதிகாரி நேராக அந்தக் கல்லுக்கு வந்தார். இதை யார் போட்டது என்று மலாயில் கேட்டார். நான்தான் என்றார் அப்பா. அதிகாரி அவசரப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "புவாட் சத்து லாகி" என்றார். இன்னொன்று போடு. அப்பாவுக்குக் கணக்குத் தெரியும், கறி தெரியும், ரொட்டி வீசத் தெரியாது. மாவை எடுத்தார், தட்டினார், ஒரு முறை வீசினார், கிழிந்தது. மடித்து மறுபடி. மறுபடி கிழிந்தது. கடையில் யாரும் சாப்பிடவில்லை. மூன்றாவதை ஒரு மாதிரி சுருட்டிக் கல்லில் போட்டு, வேகவைத்து, தட்டில் வைத்து, தால் குழம்பும் ஊற்றிக் கொடுத்தார். அதிகாரி முழுவதையும் மெதுவாகச் சாப்பிட்டு, காசு கொடுத்து, எழுந்து போனார்.

ரொட்டி அண்ணன் பின்னால் பெரிய கால்வாயில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். இருட்டிய பிறகு நான்தான் போய்க் கூப்பிட்டேன். அன்றைய பக்கத்தை நோட்டில் தேடிப் பார்த்தேன். 'ரொட்டி – அரை நாள் வெட்டு' என்று இருக்கிறது.

அந்தக் காட்சியை அப்படியே படத்தில் வைத்தோம். நாயகன் ஓடுவதைக் காட்டவே இல்லை. கேமரா ரொட்டிக் கல்லை விட்டு நகராது. ஓடுகிறவனோடு ஓடினால் பார்க்கிறவனுக்கு அவன் பத்திரமாக இருப்பது தெரிந்துவிடும்.

எடுக்கும்போது

மலேசியாவில் படமெடுக்க ஃபினாஸிடம் (தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம்) சான்றிதழ் வாங்க வேண்டும், தணிக்கை வாரியம் தனி. தணிக்கை வாரியமும் குடிநுழைவுத் துறையும் ஒரே உள்துறை அமைச்சின் கீழ் இருக்கின்றன என்பதை எழுதும்போதே மனதில் வையுங்கள். நாங்கள் சீருடையையே காட்டவில்லை. பூட்ஸ், டார்ச் வெளிச்சம், நாற்காலி இழுபடும் சத்தம். பணமும் மிச்சம், பயமும் கூடியது.

உண்மையான கோசோங் ஒருவரைக் கேமரா முன்னால் நிறுத்தாதீர்கள். 'யதார்த்தமாக இருக்கும்' என்று ஆசை வரும். கூட்டக் காட்சியில்கூட வேண்டாம். படம் இரண்டு நாளில் எல்லார் போனிலும் இருக்கும், அவர் முகமும் இருக்கும். பாஸ் இல்லாதவரை வேலைக்கு வைத்தால் ஆளுக்கு 10,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நடிக்க வைத்துச் சம்பளம் கொடுப்பதும் வேலைக்கு வைப்பதுதான்.

கதை கேட்கப் போகும்போது போனை வெளியே எடுக்காதீர்கள். வேலை செய்யும் இடத்தில் போய்க் கேட்காதீர்கள், முதலாளி பார்த்தால் அவர்களுக்குத்தான் தொல்லை. ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பக்கமோ, கிள்ளான் லிட்டில் இந்தியாவிலோ ஒரு சாப்பாடு வாங்கிக் கொடுத்துப் பேசுங்கள். "எப்படி வந்தீங்க?" என்று கேட்டால் வாய் திறக்க மாட்டார்கள், அது அதிகாரி கேட்கிற கேள்வி. "எவ்வளவு ஆச்சு?" என்று கேளுங்கள். ஏஜெண்டுக்கு எவ்வளவு, உண்டியலில் (வங்கி இல்லாமல் ஆள் மூலம்) பணம் அனுப்பினால் எவ்வளவு, ஆறு வருடத்துக்கு முன்னால் வாங்கிய செருப்பு எவ்வளவு, எல்லாம் சில்லறையோடு சொல்வார்கள். தொகை சொல்லும்போதே கதையும் வந்துவிடும்.

ஒலி என் தொழில், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன். சாப்பாட்டுக் கடையில் எக்ஸாஸ்ட் ஃபேன் நாள் முழுக்க ஓடும். அந்த இரைச்சலைத் தனியாகப் பத்து நிமிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். படம் முழுக்க அடியில் ஓடவிட்டு, பயம் வர வேண்டிய இடத்தில் அதை நிறுத்துங்கள். பின்னணி இசைக்கு நாங்கள் ஒரு காசு செலவழிக்கவில்லை. மாவு கல்லில் விழும் 'பொத்' சத்தத்தை மட்டும் 40 விதமாக எடுத்தோம். நடிகருக்கு ரொட்டி வீச வராது, மூன்று வாரம் பழகச் சொன்னேன். அப்பாதான் சொல்லிக் கொடுக்க வந்தார், கிழித்துக் கிழித்துப் போட்டார்.

படத்தொகுப்பு முடிந்ததும் விழாக்களுக்கு அனுப்ப அவசரப்படாதீர்கள். கோசோங்காக இருந்த ஒருவருக்கும், கோசோங்கை வேலைக்கு வைத்திருந்த ஒருவருக்கும் முதலில் போட்டுக் காட்டுங்கள். ரொட்டி அண்ணன் இப்போது ஊரில் ஆட்டோ ஓட்டுகிறார், பேரன் பேத்தி எடுத்துவிட்டார். வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஒரே ஒரு திருத்தம் சொன்னார். "பாப்பா, பின்வாசல்ல செருப்பக் காலிலயே மாட்டிக்கிட்டுப் போறான் பாரு, அது தப்பு. சத்தம் கேக்கும். கையிலதான் எடுக்கணும்." அந்த ஒரு ஷாட்டுக்காக மறுபடி கடையை வாடகைக்கு எடுத்தோம்.

அப்பா வீட்டு சோபாவில் உட்கார்ந்து பார்த்தார். ரெய்டு காட்சி முடிந்து, நோட்டில் 'அரை நாள் வெட்டு' என்று எழுதுகிற இடம் வந்தது. ரிமோட்டை வாங்கி நிறுத்தினார்.

"அத அப்புறம் திருப்பிக் கொடுத்துட்டேன்."

அன்றைக்கு ராத்திரி பதினொரு நோட்டையும் எடுத்துத் தேடினேன். அப்படி ஒரு வரி இல்லை.